சுற்றாத பரிசல்

ஒகேனக்கல்லுக்குப் போய் வந்த குடும்பம் ஒன்றாவது உங்கள் தெருவில் கட்டாயம் இருக்கும். அந்த வீட்டு அம்மாளிடம், "என்ன பார்த்தீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். அருவியைப் பற்றி இரண்டு வார்த்தை வரும். எண்ணெய் தேய்த்து உடம்பு பிடித்துவிடுகிறவர்களைப் பற்றி நாலு வார்த்தை. அசைவக் குடும்பமாக இருந்தால், பொரித்த மீனைப் பற்றிப் பத்து வார்த்தை. மீதி நேரம் முழுவதும் பரிசல்தான்! ஏறும்போது மாமியார் கால் தடுமாறியது, பரிசல்காரர் நட்டாற்றில் நிறுத்தி ஒரு சுழற்றுச் சுழற்றியது, சின்னவன் கைகொட்டிச் சிரித்தது, வீட்டுக்காரர் "போதும் அப்பா, போதும்!" என்று கண்ணை மூடிக்கொண்டது, எல்லாம் வரிசையாக வரும்.

கேட்க ஆனந்தமாகத்தான் இருக்கும். ஆனால் பரிசலைச் சுற்றவிடுவது ஒரு வித்தையே இல்லை. துடுப்பைச் சும்மா வைத்துவிட்டாலே அது சுற்றும். வட்டமான வஸ்து ஓடுகிற தண்ணீரில் வேறு என்ன செய்யும்? சுற்றாமல் ஓட்டுவதுதான் வித்தை. அந்த வித்தையை நம்பியே அடுப்பு எரிகிற குடும்பங்கள் அதே காவிரிக் கரையில் இருக்கின்றன. அவர்களுடைய பரிசல் சின்னது. அதில் வேடிக்கை பார்க்க யாரும் ஏறுவதில்லை. கைகொட்டிச் சிரிக்கவும் அதில் குழந்தைகள் கிடையாது. வலை இருக்கும், துடுப்பு இருக்கும், இரண்டு ஆள் இருப்பார்கள். சுற்றுலாப் பிரயாணிகள் அதை அநேகமாகப் பார்ப்பதில்லை, பார்த்தாலும் கவனிப்பதில்லை. இந்தக் கட்டுரை அந்தப் பரிசலைப் பற்றியது.

உல்லாசத்துக்கென்றே பிறந்த படகு என்று பார்த்தால் நம் தேசத்தில் குறைவுதான். கேரளத்துக் காயல்களில் இன்று படுக்கை அறையும் குளிர்சாதனமுமாக மிதக்கிறதே, கெட்டுவள்ளம், அது ஒரு காலத்தில் நெல் மூட்டை சுமந்த படகு. சுமை லாரிக்குப் போயிற்று. வள்ளத்துக்கு உத்தியோகம் போயிற்று. பிறகு சுற்றுலா வந்து அதற்கு வேறு உத்தியோகம் போட்டுக் கொடுத்தது. ஒகேனக்கல் பரிசலின் கதையும் பாதி அப்படித்தான். பாதி என்று ஏன் சொல்கிறேன் என்றால், இங்கே பழைய உத்தியோகம் முழுக்கப் போய்விடவில்லை. ஒரே ஆற்றில் தங்கை வேடிக்கை காட்டிச் சம்பாதிக்கிறாள். அக்கா வலை போட்டுச் சம்பாதிக்கிறாள். தங்கைக்குச் சினிமாவில்கூட இடம் கிடைத்தது. 1992-ல் வந்த 'ரோஜா' படத்தில் ஒகேனக்கல்லைப் பார்த்துவிட்டு வண்டி ஏறியவர்கள் எத்தனையோ பேர். அக்காவைப் படம் பிடிக்க யாரும் மெனக்கெடவில்லை.

இடத்தைச் சொல்லிவிடுகிறேன். தருமபுரியிலிருந்து பென்னாகரம் வழியாகச் சுமார் 46 கிலோமீட்டர் போனால் ஒகேனக்கல். மலைகளுக்கு நடுவே வருகிற காவிரி, தமிழ்நாட்டின் எல்லையில் பாறைகளுக்குள் பல கிளையாகப் பிரிந்து விழுகிற இடம் அது. சின்னாறும் அங்கே வந்து காவிரியோடு சேருகிறது. எதிர்க்கரை கர்நாடகம். பெயரும் கன்னடப் பெயர்தான். நம்முடைய 'ப' அந்தப் பாஷையில் 'ஹ' ஆகிவிடும். பால் அங்கே ஹாலு, புலி, ஹுலி, புகை, ஹொகே. ஒகேனக்கல் என்றால் புகையும் கல். விழுகிற தண்ணீர் திவலையாகி எழும்புவதைத் தூரத்திலிருந்து பார்த்தவர்கள் வைத்த பெயர், பொருத்தமான பெயர்தான். 1965 அக்டோபர் 2-ல் தருமபுரி தனி மாவட்டம் ஆகும் வரை இந்தப் பிரதேசமெல்லாம் சேலம் ஜில்லா.

அருவியைத் தாண்டிக் கீழே போனால் காவிரி இரண்டு மலைச்சுவர்களுக்கு நடுவே கொஞ்ச தூரம் ஒடுங்கி ஓடிப் பிறகு மெள்ள அகலமாகிறது. அங்கிருந்து மேட்டூர் அணை வரைக்கும் நீர்த்தேக்கம். சுற்றுலாப் பரிசல்களின் ராஜ்யம் மேலே அருவிப் பக்கம். மீன் பரிசல்களின் ராஜ்யம் பெரும்பாலும் கீழே நீர்த்தேக்கப் பக்கம்.

*

முறம் கட்டுவதையோ கூடை பின்னுவதையோ பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? பரிசல் பின்னுவதும் அதே கைவேலைதான், கூடை மட்டும் கொஞ்சம் பெரிசு. மூங்கிலைப் பிளந்து, நீளமான பட்டைகளாகச் சீவிக்கொள்கிறார்கள். தரையில் பட்டைகளை ஒன்றின் மேல் ஒன்று குறுக்கும் நெடுக்குமாகப் பரப்பி, நடுவிலிருந்து பின்ன ஆரம்பிக்கிறார்கள். அடிப்பாகம் வேண்டிய அகலத்துக்கு வந்தவுடன் அதன் மேல் கனமான கற்களை ஏற்றிவிட்டு, சுற்றிலும் நீட்டிக்கொண்டிருக்கிற பட்டைகளை மேல்நோக்கி வளைக்கிறார்கள். வளைத்த பட்டைகளுக்குள் வேறு பட்டைகளை வளையமாக ஓட்டினால் பக்கச்சுவர் எழும்புகிறது. கடைசியில் விளிம்பு. அதற்குப் பல பட்டைகளைச் சேர்த்து இறுக்கிக் கட்ட வேண்டும். ஏனென்றால் ஏறுகிறவர் பிடிப்பதும், தலையில் தூக்குகிறபோது சுமை தாங்குவதும் அந்த விளிம்புதான். ஆணிக்கு இதில் வேலை இல்லை. கைதேர்ந்தவர்களுக்குக் கூடை பின்ன ஒரு நாள் போதும்.

கூடையில் தண்ணீர் நிற்காது; நுழையும். ஆகவே அதற்கு ஒரு சட்டை போட வேண்டும். முன்காலத்தில் மாட்டுத்தோல். தோல் போட்ட பரிசலை வேலை முடிந்ததும் கரையேற்றிக் கவிழ்த்துக் காயவைக்காவிட்டால் தோல் அழுகிப்போகும். இன்று தோலுக்குப் பதில் பிளாஸ்டிக் சாக்கும் படுதாவும் வந்துவிட்டன. வெளிப்பக்கம் அதைப் போர்த்தித் தார் காய்ச்சிப் பூசுகிறார்கள். ஆனால் கரையேற்றிக் கவிழ்த்து வைக்கிற பழக்கம் மட்டும் போகவில்லை. கவிழ்த்த பரிசல் மழைக்கும் வெயிலுக்கும் குடிசை ஆகிறது என்பது உபரி லாபம்.

சுற்றுலாப் பரிசல் சுமார் ஏழடி விட்டம் இருக்கும். மீன் பிடிக்கிறவர்களுடையது அதைவிடச் சிறியது. சிறியதாக இருப்பதற்குக் காரணம் உண்டு. அதை ஒரே ஆள் முதுகில் கவிழ்த்துக்கொண்டு நடக்க வேண்டும். ஆற்றில் பாறை குறுக்கிட்டால் இறங்கு, தூக்கு, நட, மறுபடி போடு! வேறு எந்தப் படகை இப்படிக் கையோடு கொண்டுபோக முடியும்? இன்னொன்று, பரிசலின் அடிப்பாகம் தட்டை. முழங்கால் அளவு ஆழம்கூட அதற்குத் தேவை இல்லை. பாறையில் இடித்தால் மரப்படகு பிளந்துகொள்ளும். பரிசல் அந்த இடத்தில் கொஞ்சம் உள்ளே அமுங்கி, வழுக்கிக்கொண்டு போய்விடும். குடித்தனம் நடத்துகிறவர்களுக்கு இந்தத் தத்துவத்தை நான் விளக்க வேண்டியதில்லை.

சுற்றாமல் ஓட்டுவது எப்படி என்று கேட்கிறீர்களா? வீட்டிலேயே ஒரு பரீட்சை செய்து பார்க்கலாம். தொட்டித் தண்ணீரில் ஒரு தாம்பாளத்தை மிதக்கவிடுங்கள். பின்பக்க விளிம்பை ஒற்றை விரலால் தள்ளுங்கள். நேராகப் போகாது, ஒரு பக்கமாக நழுவிச் சுழலும். இப்போது முன்பக்க விளிம்பில் ஒரு நூலை ஒட்டி இழுங்கள். நாய்க்குட்டி மாதிரி பின்னாலேயே வரும்! பரிசல்காரர் செய்வதும் இதைத்தான். மற்றப் படகுகளில் பின்னால் உட்கார்ந்து தள்ளுகிறார்கள். பரிசலில் முன்னால் உட்கார்ந்து இழுக்கிறார்கள். போக வேண்டிய திசையைப் பார்த்துக் குந்தி, துடுப்பை எதிரே எட்டிப் போட்டுத் தண்ணீரைத் தம்மை நோக்கி வாங்குகிறார்கள். ஒரு தடவை வலப்பக்கமாக, ஒரு தடவை இடப்பக்கமாக, எட்டு என்ற எண்ணை எழுதுவது போலத் துடுப்பு போய் வரும். கரையிலிருந்து பார்க்க ஏதோ கீரை மத்தால் கடைகிற மாதிரி இருக்கும். ஆனால் நாம் வாங்கிப் போட்டுப் பார்த்தால்தான் தெரியும். பத்து எண்ணுவதற்குள் தலை சுற்றிவிடும், பரிசலும் சுற்றிவிடும்.

*

இது எவ்வளவு பழைய படகு தெரியுமா? கிருஷ்ணதேவராயர் காலத்தில், 1520-ஐ ஒட்டி, விஜயநகரத்துக்கு வந்த டோமிங்கோ பயஸ் என்ற போர்ச்சுகீசியர் இதைப் பார்த்து வியந்து எழுதியிருக்கிறார். கூடை போல வட்டமான படகு, உள்ளே பிரம்பு, வெளியே தோல், பதினைந்து இருபது பேர் ஏறலாம், அவசியமானால் குதிரையும் மாடும்கூட ஏறும் என்கிறார். படகு சுற்றிக்கொண்டே போகிறது, நேராகப் போக மாட்டேன் என்கிறது என்பதையும் அவர் குறிக்கத் தவறவில்லை. அவருக்கு வாய்த்த பரிசல்காரர் எப்படிப்பட்டவரோ! துங்கபத்திரைக் கரையில், ஆனேகுந்திப் பக்கம், இன்றைக்கும் அந்த வட்டப் படகுகள் உண்டு. கன்னடத்தில் அதற்கு ஹரிகோலு என்று பெயர், தெலுங்கில் புட்டி.

1803-ல் மராட்டியப் போருக்குப் புறப்பட்ட ஆர்தர் வெல்லெஸ்லி, பின்னால் வெல்லிங்டன் பிரபுவாகி நெப்போலியனைத் தோற்கடித்தவர், தக்காணத்து நதிகளைச் சைனியம் தாண்டுவதற்குக் கூடைப் படகுகளைத்தான் நம்பினார். பீரங்கி வைத்திருந்த துரைக்கும் மூங்கில் கூடை வேண்டியிருந்தது! சென்னை ராஜதானியில் மீன் துறைக்குத் தலைவராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் என்பவர் 1933-ல் தென்னிந்தியப் பரிசல்களைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதினார். அவர் உலகத்துப் படகுகளையெல்லாம் தேடித் தேடி ஆராய்ந்தவர்.

நம்முடையதுதான் முதல் என்று சண்டைக்குப் போக முடியாது. பாபிலோன் நதியில் தோல் போர்த்திய வட்டப் படகுகள் வருவதை ஹெரோடோட்டஸ் 2,400 வருஷங்களுக்கு முன்பே எழுதிவிட்டார். சரக்கோடு ஒரு கழுதையையும் ஏற்றிக்கொண்டு வருவார்களாம். ஊர் வந்ததும் சரக்கையும் படகின் சட்டத்தையும் விற்றுவிட்டு, தோலை மட்டும் கழுதை முதுகில் போட்டுக்கொண்டு தரை வழியே திரும்புவார்களாம். ஆற்றின் வேகத்தை எதிர்த்துப் படகைத் திருப்பிக் கொண்டுபோக முடியாது. அதற்குக் கண்ட உபாயம். ஈராக்கில் 'குஃபா' என்ற பெயரில் அந்தப் படகு இருபதாம் நூற்றாண்டு வரை உழைத்துவிட்டு மறைந்துபோயிற்று. இங்கிலாந்துக்குப் பக்கத்து வேல்ஸ் நாட்டிலும் உண்டு. அங்கே இரண்டு பரிசல்கள் நடுவில் ஒரு வலையைப் பிடித்துக்கொண்டு ஆற்றோடு இறங்கி மீன் பிடிக்கும். லைசென்ஸ் வைத்திருக்கிறவர்கள் விரல்விட்டு எண்ணுகிற அளவுதான். வியட்நாமில் மூங்கில் கூடைப் படகு கடலுக்கே போகிறது.

எல்லாவற்றையும்விட வேடிக்கை ஒன்று உண்டு. லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தைச் சேர்ந்த இர்விங் ஃபின்கெல் என்ற அறிஞர் சுமார் 3,700 வருஷத்துக்கு முந்திய ஒரு களிமண் பலகையைப் படித்தார். பிரளயத்திலிருந்து உயிர்களைக் காப்பாற்றிய கப்பலை எப்படிக் கட்ட வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. கப்பல் வட்டமாம்! கயிற்றைச் சுருட்டிச் சுருட்டி அமைத்துத் தார் பூசிய மிகப் பெரிய பரிசல். அதை 2014-ல் அவர் புத்தகமாக எழுதினார். அந்தக் குறிப்பின்படி சிறிய அளவில் ஒன்றைக் கட்டிப் பார்க்கலாம் என்று தொலைக்காட்சிக்காரர்கள் கிளம்பி, கடைசியில் எங்கே வந்து கட்டினார்கள் என்று நினைக்கிறீர்கள்? கேரளத்தில்! மிதந்தது, கொஞ்சம் ஒழுகவும் செய்தது. தார் சரியாக அமையவில்லை என்று காரணம் சொன்னார்கள். தார் பூசுகிற பக்குவத்தை ஒகேனக்கல் பக்கம் வந்து கேட்டிருக்கலாம்.

*

இனி நம்முடைய அக்காவிடம் வருவோம்.

மேட்டூர் அணையின் வேலை 1925-ல் ஆரம்பமாகி 1934-ல் முடிந்தது. 120 அடி வரை தண்ணீர் தேக்கலாம், கொள்ளளவு 93.47 டி.எம்.சி. தஞ்சாவூர் ஜில்லாவில் நெல் விளைவதற்காக இங்கே பல கிராமங்கள் தண்ணீருக்குள் போயின. பண்ணவாடிப் பக்கம் நீர்மட்டம் நன்றாக இறங்கிவிட்டால் ஜலகண்டேசுவரர் கோயில் நந்தி வெளியே தலை காட்டும். பழைய மாதா கோயிலின் கோபுரமும் தெரியும். ஜனங்கள் வண்டி கட்டிக்கொண்டு போய்ப் பார்ப்பார்கள். அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்கிறவர்கள், அந்த நந்திக்கு விளக்கேற்றிய ஊர் எங்கே குடிபோயிற்று என்று கேட்பதில்லை.

வயல் போன இடத்தில் மீன் வந்தது. கட்லா, ரோகு, மிருகால் என்று வடக்கத்தி ஆறுகளின் மீன் வகைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். ஜிலேபி மீன் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. 1952-ல் இந்தியாவுக்கு வந்த விருந்தாளி, இன்று வீட்டுக்காரனாகவே ஆகிவிட்டது. காவிரிக்கே உரிய பெரிய மஹ்சீர் மீனின் கதை நேர் எதிர். முதுகில் திமில் போன்ற மேடு உள்ள அந்த மீன் அழியும் விளிம்பில் இருக்கிறது என்று 2018-ல் உலகப் பட்டியலில் ஏறிவிட்டது.

நீர்த்தேக்கத்தில் வலை போடுவது சாயங்கால வேலை. எடுப்பது விடியற்கால வேலை. வலைக்கு மேல் விளிம்பில் மிதவைகள், கீழ் விளிம்பில் பளுவுகள். தண்ணீருக்குள் சுவர் மாதிரி நிற்கும். அதை நேர்கோட்டில் இறக்க வேண்டும். ஒருவர் வலையை முழம் முழமாக விட்டுக்கொண்டே வரும்போது, மற்றொருவர் பரிசலை ஒரே சீராக, ஒரே திசையில் நகர்த்த வேண்டும். கொஞ்சம் சுற்றினாலும் வலை முறுக்கிக்கொள்ளும். அடியில் நிற்கும் பழைய மரக்கட்டைகளில் மாட்டிக்கொள்ளும். மாட்டிக்கொண்டால் கிழியும். கிழிந்தால் அன்றைய கூலி போச்சு.

இப்போது சொல்லுங்கள், அந்த மற்றொருவர் யாராக இருக்கும்? பல பரிசல்களில் அது மனைவிதான். நீர்த்தேக்கத்தில் கணவனும் மனைவியுமாகப் பரிசலில் போவது சாதாரணக் காட்சி. அவர் வலை விட்டால் இந்த அம்மாள் துடுப்பு. சில பரிசல்களில் மாறியும் இருக்கும். பரிசல் இரண்டு பேருக்கு மேல் தாங்காது. கூலிக்கு ஆள் வைத்தால் பிடிபடுகிற மீனில் பங்கு போகும். ஆகவே வீட்டு ஆளே துணை. கணக்கு இவ்வளவுதான். 'துணைவி' என்ற சொல்லை நாம் கல்யாணப் பத்திரிகையில் அச்சடிக்கிறோம். இங்கே அதைத் துடுப்பால் எழுதுகிறார்கள். விடியற்காலை மூன்றரை, நாலு மணிக்கு எழுந்து போகிற அந்தப் பெண், திரும்பி வந்துதான் வீட்டு அடுப்பைப் பற்றவைக்க வேண்டும். ஆனால் 'மீனவர்' என்று யாராவது கணக்கெடுக்க வந்தால் முதலில் கணவன் பெயரைத்தான் கேட்பார்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம். துடுப்புப் பிடித்த கைக்கும் காகிதத்தில் ஓர் இடம் வேண்டாமா?

இன்னொரு வேலையும் அக்காவுக்கு உண்டு: அக்கரைக்குக் கொண்டுவிடுவது. இந்தப் பக்கம் பென்னாகரம் தாலுக்காவில் நாகமரை. எதிரே சேலம் மாவட்டத்துப் பண்ணவாடி. இந்தப் பக்கம் ஒட்டனூர், எதிரே கோட்டையூர். கண்ணுக்கு எதிரே ஊர் தெரியும். ரோடு வழியாகப் போவதானால் மேட்டூரைச் சுற்றிக்கொண்டு நெடுந்தூரம் போக வேண்டும். அதனால் சந்தைக்குப் போகிறவர்கள், எதிர்க்கரையில் பெண் கொடுத்தவர்கள், வைத்தியத்துக்குப் போகிறவர்கள் எல்லாரும் தண்ணீர் வழிதான். மோட்டார் படகுகள் வந்த பிறகு பரிசலுக்கு இந்த வேலை வெகுவாகக் குறைந்துவிட்டது. பாலம் வேண்டும் என்பது இரு கரையாரும் வெகுகாலமாகக் கேட்டு வருவது. பாலம் வந்தால் நல்லதுதான். பிரசவ வேதனையில் இருக்கிற பெண்ணை நடு இரவில் தண்ணீரில் கொண்டுபோகிற அவஸ்தையை நினைத்துப் பார்த்தால், பரிசலுக்காகப் பாலம் வேண்டாம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். நானும் சொல்ல மாட்டேன்.

*

ஆபத்து இல்லாத தொழிலா என்றால் இல்லை. 2015 ஏப்ரலில் ஒகேனக்கல்லில் உல்லாசமாகப் போன ஒரு குடும்பத்தின் பரிசல் கவிழ்ந்து உயிர்ச்சேதம் ஆயிற்று. அதற்குப் பிறகு கட்டுப்பாடுகள் கடுமையாயின. ஏறுகிறவர்களின் எண்ணிக்கைக்கு வரம்பு வைத்தார்கள். ஒவ்வொருவரும் மிதவை அங்கி போட்டுக்கொள்ள வேண்டும் என்பதில் கண்டிப்பும் காட்டுகிறார்கள். நல்ல ஏற்பாடு. அந்த அங்கி அழுக்காக இருக்கிறது, புடவையைக் கசக்குகிறது என்று முகம் சுளிக்கிற சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை: கசங்கிய புடவையை இஸ்திரி போட்டுக்கொள்ளலாம், அம்மா! ஆனால் நீர்த்தேக்கத்துப் பக்கம் போய்க் கரையில் நின்று பாருங்கள். வலை போடுகிற பரிசலில் அந்த அங்கியைக் காண்பது அபூர்வம். குனிந்து வலை இழுக்கிறவர்களுக்கு அது இடைஞ்சல் என்பது ஒரு காரணம். வாங்கக் காசு வேண்டும் என்பது மற்றொன்று.

ஆற்றில் தண்ணீர் எவ்வளவு வருகிறது என்பதை எல்லையில் பிலிகுண்டுலு என்ற இடத்தில் அளக்கிறார்கள். வினாடிக்கு இத்தனை ஆயிரம் கன அடி என்று காலையும் மாலையும் செய்தி வரும். நமக்கு அது பத்திரிகையில் ஒரு மூலை. பரிசல்துறையில் அதுதான் பஞ்சாங்கம். அளவு மீறினால் கலெக்டர் உத்தரவு: பரிசல் இயக்கத் தடை. நூற்றுக்கணக்கான பரிசல்கள் கரையில் கவிழ்ந்து கிடக்கும். பரிசல் நின்றால் பிரயாணிகள் வர மாட்டார்கள். பிரயாணிகள் வராவிட்டால் எண்ணெய் தேய்க்கிறவருக்கு வேலை இல்லை. நீங்கள் வாங்கிக் கொடுக்கிற மீனை அலசி, மசாலா தடவி, பொரித்துக் கொடுக்கிறார்களே, அந்தப் பெண்களின் அடுப்பும் அணைந்துவிடும். அவர்களுக்கு மாதச் சம்பளம் கிடையாது.

இதில் ஒரு விபரீதம் பாருங்கள். 2024 கோடையில் ஒகேனக்கல்லில் தண்ணீர் வற்றி, ஆறு முழுக்கப் பாறையாகத் தெரிந்தது. பரிசல் மிதக்க இடம் தேட வேண்டியிருந்தது. அதே வருஷம் ஜூலைக் கடைசியில் வினாடிக்கு லட்சம் கன அடிக்கு மேல் வெள்ளம், பரிசலுக்குத் தடை. ஆடிப் பதினெட்டு வந்தது. ஊரெல்லாம் காவிரித் தாய்க்குப் புது மஞ்சள் கயிறும் காதோலை கருகமணியும் வைத்துப் படைக்கிற நாள். ஆறு இரு கரையும் புரண்டு ஓடிற்று, சித்திரான்னத்துக்கும் குறைவில்லை. பரிசல்காரர் வீட்டில்தான் வரும்படி இல்லை. ஆற்றுக்கு விழா எடுக்கிற நாளில் ஆற்றை நம்பியவர்கள் கரையில் உட்கார்ந்திருக்க வேண்டியதாயிற்று. இதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. அந்த வெள்ளத்தில் பரிசல் விட அனுமதிப்பது கொலை பாதகம். ஆனாலும் தடைக் காலத்துக்கு ஒரு நிவாரணம் வேண்டும் என்று அவர்கள் கேட்பது நியாயமாகத்தான் படுகிறது. கடலில் மீன்பிடித் தடைக் காலத்துக்கு அரசாங்கம் உதவித்தொகை கொடுக்கிறதே!

மூங்கிலும் முன்போலக் கிடைப்பதில்லை. சுற்றிலும் உள்ள காடுகளில் பெரும் பகுதி இப்போது சரணாலயம். காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயம் 2014-லும், காவிரி தெற்கு 2022-லும் ஏற்பட்டன. யானைக்கும் மூங்கில் வேண்டும்; பரிசலுக்கும் வேண்டும்; யானை பெர்மிட் வாங்க வேண்டியதில்லை, மனிதர் வாங்க வேண்டும். இந்தச் சமயம் பார்த்துக் கண்ணாடி இழையில் வார்த்த பரிசல்கள் வந்துவிட்டன. அவற்றுக்குப் பின்னவும் வேண்டாம், தார் பூசவும் வேண்டாம், அழுகவும் அழுகாது. விலை மட்டும் கூடுதல். வாங்கிவிட்டால் பல வருஷம் கவலை இல்லை என்கிறார்கள். மூங்கில் பரிசலின் அழகு போய்விடுமே என்று நாம் பட்டணத்தில் உட்கார்ந்து அங்கலாய்க்கலாம். நாலு மாதத்துக்கு ஒரு தரம் வெயிலில் தார் காய்ச்ச வேண்டியவர்கள் நாம் அல்லவே! ஒரு சங்கடம் மட்டும் உண்மை: அந்தப் பரிசல் உடைந்தால் கம்பெனிக்குத்தான் போக வேண்டும். மூங்கில் பரிசலில் ஒரு பட்டை முறிந்தால் பக்கத்துத் தோப்பிலிருந்து ஒரு மூங்கிலை வாங்கி மாலைக்குள் சரிசெய்துகொள்ளலாம்.

அடுத்த விடுமுறையில் ஒகேனக்கல் போகிறவர்கள் தங்கையின் பரிசலில் ஏறி ஒரு சுற்று சுற்றிவிட்டே வாருங்கள். அதில்தான் அந்த ஊர் பிழைக்கிறது. ஏறும்போது நடுவில் கால் வைத்து ஏறுங்கள், விளிம்பில் மிதிக்காதீர்கள். நடு ஆற்றில் படம் எடுக்க எழுந்து நிற்க வேண்டாம். மறுநாள் ஒரு வேளை கையில் இருந்தால் பென்னாகரம் திரும்பி, நாகமரைப் பக்கம் போங்கள். விடிவதற்குள் போய்விட வேண்டும். வலை எடுத்த பரிசல்கள் ஒவ்வொன்றாகக் கரைக்கு வரும் நேரம் அது. கணவன் வலையை உதறிக்கொண்டிருப்பார்; மனைவி பரிசலைத் தோளில் சாய்த்துக் கரையேற்றிக்கொண்டிருப்பாள். மீன் வேண்டுமானால் அங்கேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வியாபாரியின் வண்டி வந்துவிட்டால் பிறகு பேரம் அவரோடுதான்.